படியளப்பவர் யார்?

முப்பத்தோரு ஆண்டுகளாக கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். வார நாட்களில் வங்கிக் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை ஸ்கோரர். சென்னை லீக்கின் கீழ் டிவிஷன் ஆட்டங்கள்தான். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஷாமியானா போட்டிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வேப்பமர நிழல். எதிரணி ஸ்கோரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஓவருக்கு ஓவர் இரண்டு புத்தகங்களையும் ஒத்துப் பார்த்துக்கொள்வோம். ரன் வராத பந்துக்கு ஒரு புள்ளி. ஒரு ஓவரில் ஆறுமே புள்ளியாக விழுந்துவிட்டால் அவற்றைக் கோடிழுத்து இணைத்து ஆங்கில ‘எம்’ எழுத்தாக்கிவிடுவோம், அது மெய்டன். அந்த ‘எம்’மைப் போடும்போது இன்றைக்கும் எனக்குக் கை இனிக்கும்.

இப்படிப்பட்டவன் ஓர் ஆங்கில நகைச்சுவை பாட்காஸ்ட்டைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் இன்னொரு ஸ்கோரர். அவர் பெயர் ஆண்டி ஸால்ட்ஸ்மன். பிபிசி வானொலியில் 1957 முதல் நடந்துவரும் ‘டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்’ நேர்முக வர்ணனையில், 2016 முதல் கணக்கர் நாற்காலியில் உட்காருபவர். அந்த நாற்காலியின் மதிப்பு ஸ்கோர் எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். 1966 முதல், 2009 ஜனவரியில் இறக்கும்வரை, பில் ஃபிரிண்டல் இருந்த இடம் அது. எந்த பேட்ஸ்மேன் யாருடைய எந்தப் பந்தை என்ன செய்தார் என்பதை வரி வரியாகப் படிக்கும்படி எழுதும் முறையைச் செப்பனிட்டவர் ஃபிரிண்டல். எங்களுக்கு அவர் குரு ஸ்தானம்.

ஸால்ட்ஸ்மனை நான் முதலில் படித்தது கிரிக்இன்ஃபோவில். ‘கன்ஃபெக்‌ஷனரி ஸ்டால்’ என்ற தலைப்பில், அதாவது மிட்டாய்க் கடை என்ற பெயரில், எழுதிக்கொண்டிருந்தார். யாரும் தேடிப் பார்த்திராத ஒரு புள்ளிவிவரத்தைத் தோண்டி எடுப்பார். அதற்கு அடுத்த வரியிலேயே முழுப் பொய் ஒன்றை, அதே கணக்கர் குரலில், முகம் மாறாமல் சொல்வார். எது கணக்கு, எது கற்பனை என்று ஒவ்வொரு வரியையும் நான் சரிபார்ப்பேன். கணக்கு ஒருமுறைகூடப் பிசகியதில்லை. கணக்கில் இவ்வளவு நேர்மையாக இருக்கிற மனிதர் பொய்யில் இவ்வளவு சுதந்திரமாக இருக்க முடிகிறதே என்று வியந்துதான் அவருடைய பாட்காஸ்ட்டைத் தேடிப் போனேன். பெயர் ‘தி பியூகிள்’. ஊதுகொம்பு என்று பொருள். அந்தக் காலத்துச் செய்தித்தாள்களுக்கு வைக்கிற மாதிரிப் பெயர்.

அது தொடங்கியது 2007 அக்டோபரில். ஸால்ட்ஸ்மன் லண்டனில் இருந்தார். அவருடைய கூட்டாளி ஜான் ஆலிவர் நியூயார்க்கில், ஜான் ஸ்டூவர்ட்டின் ‘டெய்லி ஷோ’வில் நிருபராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அட்லாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வாரத்துக்கு ஒருமுறை பேசுவார்கள். கண்ணால் பார்க்கும் உலகத்துக்குக் காதால் கேட்கும் நாளிதழ் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். நாளிதழ் என்ற அந்தப் பாவனை கடைசிவரை மாறாது. தேதி சொல்லித்தான் ஆரம்பம். வரலாற்றில் அதே நாளில் நடந்தது என்று உண்மையும் புளுகும் கலந்து சில செய்திகள். பிறகு, இந்த வாரம் ஓர் இணைப்பு நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது என்று ஓர் அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை பேப்பரிலிருந்து விழுகிற இணைப்புகளைப் படிக்காமல் தூக்கிப் போடுகிறோமே, அதற்கு வைத்த குட்டு. அதன்பின் தலைப்புச் செய்தி.

திருவல்லிக்கேணியிலிருந்து திருவான்மியூருக்குப் பறக்கும் ரயிலில் போகும்போது பாதி, வரும்போது மீதி என்று கேட்பேன். முதல் சில மாதங்கள் பெரிய பாடாகிவிட்டது. வேகம் ஒரு பக்கம். அவர்கள் ஊர் அரசியல்வாதிகளின் பெயர்கள், பள்ளிக்கூடங்கள், ரயில் நிலையங்கள் எல்லாம் தெரிந்திருந்தால்தான் பாதிச் சிரிப்பு வரும் என்பது இன்னொரு பக்கம். புரியாத இடங்களைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு மகளிடம் கேட்பேன். அவளுக்கும் தெரியாதவற்றை இருவருமாகத் தேடுவோம். பிரிட்டனின் மேலவை எப்படி இயங்குகிறது, தொகுதிச் சீரமைப்பு அங்கே எப்படி நடக்கிறது என்றெல்லாம் நான் தெரிந்துகொண்டது இந்தச் சிரிப்பைத் துரத்திப் போய்த்தான்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. ஸால்ட்ஸ்மன் திடீரென்று சிலேடை போட ஆரம்பிப்பார். ஒன்றோடு விட மாட்டார். ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், மீன் என்றால் மீன், பாலாடைக்கட்டி என்றால் பாலாடைக்கட்டி, அதன் வகைகளின் பெயர்களையெல்லாம் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒளித்துவைத்து இருபது, முப்பது என்று அடுக்கிக்கொண்டே போவார். ‘பன் ரன்’ என்று அதற்குப் பெயர். எதிர்முனையில் ஆலிவர் முனகுவார், கெஞ்சுவார், நிறுத்தித் தொலையேன் என்று கத்துவார். ஸால்ட்ஸ்மன் நிறுத்த மாட்டார். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் சிலேடை பாடிய காளமேகத்தையும், மேடையில் வாயைத் திறந்தாலே சிலேடை உதிர்த்த கி.வா.ஜகந்நாதனையும் பெற்ற மொழிக்காரனுக்கு இந்த விளையாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. சொல்லின் மீது ஆசை உள்ளவர்கள் எந்த ஊரிலும் இப்படித்தான் இருப்பார்கள். மகிழ்ச்சியில் நான் ரயிலில் தொடையைத் தட்டியிருக்கிறேன்.

சிலேடை மேல்பூச்சுதான். உள்ளே இருந்தது கோபம். அவர்கள் தொடங்கிய ஓராண்டுக்குள் 2008 நிதி நெருக்கடி வந்தது. வங்கிகளை மக்களின் வரிப்பணத்தில் காப்பாற்றினார்கள். வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு, எங்கள் கிளையில் நடந்த பேச்சைவிட இவர்கள் இருவரும் பேசியதுதான் விஷயத்தைத் தெளிவாக்கியது. அந்த நெருக்கடியைப் பற்றி ஸால்ட்ஸ்மன் ஒரு புத்தகமே எழுதினார். ஈராக், ஆப்கானிஸ்தான், நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்கு ஊழல் என்று எதையும் விடவில்லை. பொய்யை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது எப்படி என்று அவர்களிடம்தான் பார்த்தேன்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த நிகழ்ச்சியைத் தயாரித்து வெளியிட்டது லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழின் இணையப் பிரிவு. படியளந்தது அந்த நிறுவனம். அப்போது அதன் அதிபர் ரூபர்ட் மர்டாக். ‘டைம்ஸ்’, ‘சன்’, ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ மூன்றும் ஒரே குடும்பச் சொத்து. 2011 ஜூலை 4-ம் தேதி ‘கார்டியன்’ நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 2002-ல் கடத்திக் கொல்லப்பட்ட 13 வயதுச் சிறுமியின் கைப்பேசிக் குரல் செய்திகளை ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ ஆட்கள் திருட்டுத்தனமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் அது. நாடே கொதித்தது. 1843-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை ஆறே நாளில், ஜூலை 10-ம் தேதி, கடைசி இதழை அச்சடித்துவிட்டு மூடியது. 19-ம் தேதி மர்டாக் நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அந்த மாதம் ‘பியூகிள்’ என்ன செய்யும் என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வாய்மூடி இருந்தாலும் குறை சொல்ல முடியாது. வேறு செய்தியா இல்லை உலகத்தில்? ஆனால் அவர்கள் அதைத்தான் எடுத்தார்கள். சொந்த முதலாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அந்த முதலாளியையும் அவர் பத்திரிகையையும் வெளுத்து வாங்கினார்கள். ஒரு வாரத்தோடு விடவுமில்லை. கேட்கக் கேட்க எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். இவர்கள் எத்தனை நாள் நிலைப்பார்கள்?

(மர்டாக் வந்த அந்த நாடாளுமன்றக் குழு விசாரணையில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் சவரநுரை நிரப்பிய தட்டை மர்டாக் முகத்தை நோக்கி எறிந்து சிறைக்குப் போனார். அது எனக்கு ஒப்பவில்லை. நாக்கு இருப்பவன் கையை எதற்கு ஓங்க வேண்டும்? அன்றைக்கு எல்லோரும் அந்தத் தட்டைப் பற்றிப் பேசினார்கள். குழு கேட்ட கேள்விகள் பின்னுக்குப் போய்விட்டன.)

2011 முடிவோடு ‘டைம்ஸ்’ உறவு முடிந்தது. கேலி செய்ததற்காகத்தான் விலக்கினார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. கேலியை அத்தனை மாதம் வெளிவர விட்டதற்காக அந்த நாளிதழுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்வேன். ஆனால் ஒரு நிகழ்ச்சி முதலாளியைப் பற்றி உண்மை பேசிய அதே ஆண்டு முடிவில் அதற்கு முதலாளி இல்லாமல் போனது. நான்கு ஆண்டுகள் கட்டி வளர்த்த நிகழ்ச்சி, மாதச் செலவுக்கு வழியில்லாமல் நின்றது.

இது எனக்கு ஏன் இத்தனை உறைத்தது என்றால், சிறிய அளவில் எனக்கும் இது நடந்திருக்கிறது.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு கிளப்புக்கு நிரந்தர ஸ்கோரராகப் போய்க்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று படி, மதியச் சாப்பாடு, டீ. கொடுப்பவர் கிளப் செயலாளர். ஒரு நாள் அவருடைய அண்ணன் மகன் ஆடினான். 47 ரன்னில் அவுட். அவன் ஆடிய ஓவர் ஒன்றில் பந்து காலில் பட்டு ஃபைன் லெக் பக்கம் எல்லைக்கு ஓடியிருந்தது. அம்பயர் முழங்காலைத் தூக்கித் தட்டிக் காட்டினார். லெக் பை நான்கு. நானும் கையைத் தூக்கி ஏற்றுக்கொண்டு எக்ஸ்ட்ராஸ் கட்டத்தில் எழுதிவிட்டேன். ஆட்டம் முடிந்து மேஜையருகே வந்தார் செயலாளர்.

“சார், அந்த நாலு பேட்ல பட்டுதான் போச்சு. பையன் கணக்குல போட்டுடுங்க. செலக்‌ஷன் வருது. டோட்டல் மாறப்போறதில்லையே, யாருக்கு என்ன நஷ்டம்?”

டோட்டல் மாறாது என்பது சரிதான். ஆனால் லெக் பை பந்து வீசியவன் கணக்கில் ஏறாது. பேட்டில் பட்ட ரன் ஏறும். எதிரணியில் ஒரு பையன், பதினேழு வயதுகூட இருக்காது, பத்து ஓவரில் 18 ரன்தான் கொடுத்திருந்தான். நான் எழுத்தை மாற்றினால் அது 22 ஆகிவிடும். அவனுக்கும் செலக்‌ஷன் உண்டு. அதைச் சொன்னேன். செயலாளர் ஒன்றும் பேசவில்லை, அன்றைய படியைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருந்தேன். வேறொரு கிளப் கூப்பிட்ட பிறகுதான் மறுபடி பேனாவை எடுத்தேன்.

எனக்கு வங்கிச் சம்பளம் இருந்தது, அதனால் முடியாது என்று சொல்ல முடிந்தது. ஸ்கோர் எழுதித்தான் அடுப்பெரிய வேண்டும் என்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். படியளக்கிற கை ஒன்றே ஒன்றாக இருந்தால், அந்தக் கை எதை எழுதச் சொன்னாலும் பேனா நடுங்கும். நகைச்சுவைக்காரனுக்கும் இதேதான். அவனும் ஒருவகை ஸ்கோரர். நாட்டில் என்ன நடந்தது என்பதை அவன் தன் முறையில் குறித்து வைக்கிறான். யார் எத்தனை பந்தில் அவுட் ஆனார்கள் என்று சொல்வது அவன் வேலை.

‘பியூகிள்’ சாகவில்லை. 2012 தொடக்கத்தில் தானாக எழுந்து நின்றது. இரண்டு நகைச்சுவைக்காரர்களும் தயாரிப்பாளர் கிறிஸ் ஸ்கின்னரும் கேட்பவர்களிடமே போனார்கள். நிகழ்ச்சி எல்லோருக்கும் இலவசம், கட்டாயம் எதுவும் இல்லை, முடிந்தவர்கள் விரும்பியதைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ‘தன்விருப்பச் சந்தா’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கேட்பவர்கள் கொடுத்தார்கள். நிகழ்ச்சி பிழைத்து நின்றது அந்தப் பணத்தின் ஆதாரத்தில்தான்.

கொடுப்பவர்களுக்கு அவர்கள் செய்யும் மரியாதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. சற்றுக் கூடுதலாகக் கொடுக்கிற சந்தாதாரர்களின் பெயரை நிகழ்ச்சியின் கடைசியில் ஸால்ட்ஸ்மன் வாசிப்பார். நன்றி என்று சொல்லி முடித்துவிட மாட்டார். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பொய் சொல்வார். இன்ன ஊர்க்காரர் இன்ன விஷயத்தில் இப்படி ஒரு விசித்திரமான கொள்கை உடையவர் என்று, பார்த்தே இராத ஒரு மனிதருக்கு முழுச் சரித்திரம் கட்டுவார். நம் ஊர்க் கோயிலில் டியூப்லைட் கொடுத்தால் அதன் மேலேயே உபயம் என்று பெயர் எழுதுவார்கள், வெளிச்சம்கூட மங்கும். இங்கே கொடுத்தவர் ஒரு கதாபாத்திரமாகிவிடுகிறார். காசு கொடுத்தவரையும் கேலி செய்ய முடிகிறது, அவரும் அதற்காகவே கொடுக்கிறார் என்பதுதான் நான் கவனித்த விஷயம். எந்த முதலாளி இதற்கு இடம் கொடுப்பார்?

2014 ஏப்ரலில் ஆலிவர் அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சியில் ‘லாஸ்ட் வீக் டுநைட்’ தொடங்கினார். உலகப் புகழ் வந்தது. ‘பியூகிள்’ வருவது குறைந்தது, பிறகு ஆலிவர் விலகினார். அவர் போன இடத்தையும் பாருங்கள். எச்பிஓ விளம்பரம் போடாத சேனல். சந்தா கட்டுகிறவர்களின் பணத்தில் நடப்பது. 2018-ல் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் அதன் தாய் நிறுவனத்தை வாங்கியபோது, ஆலிவர் அந்தப் புது முதலாளியையும் நிகழ்ச்சியிலேயே அடிக்கடி கிண்டலடித்தார். மர்டாக்கிடம் பழகிய கை அல்லவா!

ஸால்ட்ஸ்மன் தனியாக நின்றபோது நான் கவலைப்பட்டது உண்மை. இரண்டு பேர் பேசுவதன் ருசி ஒருவர் பேச்சில் வராது. அவர் 2016 அக்டோபரில் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வாரத்துக்கு ஒருவர் அல்லது இருவர் எதிரில் உட்காருவார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆலிஸ் ஃப்ரேசர், அமெரிக்காவிலிருந்து ஹரி கொண்டபோலு, லண்டனிலிருந்து நிஷ் குமார், மொழியைப் பற்றித் தனியாகவே ஒரு பாட்காஸ்ட் நடத்தும் ஸால்ட்ஸ்மனின் தங்கை ஹெலன், இந்தியாவிலிருந்து அனுவாப் பால். பாட்காஸ்ட் வீடு பெரிய வீடாகிவிட்டது. ஆலிஸ் ஃப்ரேசர் அங்கிருந்தே ‘தி கார்கிள்’ என்று அரசியல் கலக்காத தங்கை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார்.

அனுவாப் பால் வருகிற வாரங்கள் எனக்குத் தனி. இங்கிலாந்துக்காரர் ஒருவரும் கொல்கத்தாக்காரர் ஒருவரும் பேரரசைப் பற்றிப் பேசும்போது பழைய கணக்கெல்லாம் மேஜைக்கு வரும். அனுவாப் குரலை உயர்த்த மாட்டார். மிக மரியாதையாக, பழைய ஆங்கிலேய அதிகாரியின் ஆங்கிலத்தில், இந்தியாவிலிருந்து என்னென்ன போயிற்று என்று நினைவூட்டுவார். ஸால்ட்ஸ்மன் மறுக்க மாட்டார். சிரித்துக்கொண்டே குற்றத்தை ஏற்றுக்கொள்வார். இரு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்குகிற மேடையில் இந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை.

நிஷ் குமார் கதையை அவசியம் சொல்ல வேண்டும். கேரளப் பூர்வீகம் கொண்டவர், லண்டனில் பிறந்து வளர்ந்தவர். 2019 டிசம்பரில், லார்ட்ஸ் டேவர்னர்ஸ் என்ற கிரிக்கெட் தொண்டு அமைப்பின் கிறிஸ்துமஸ் விருந்தில் பேசப் போனார். பிரெக்சிட் பற்றிப் பேசினார். விருந்தினர்கள் கூச்சலிட்டார்கள், ஒருவர் ரொட்டித் துண்டை எடுத்து எறிந்தார். கிரிக்கெட் கனவான்களின் ஆட்டம் என்று சொல்லித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. மர்டாக் மேல் எறிந்த நுரைத் தட்டும் தப்பு, இவர் மேல் எறிந்த ரொட்டியும் தப்பு. அவர் பிபிசி-யில் 2017 முதல் நடத்திவந்த ‘தி மேஷ் ரிப்போர்ட்’ என்ற அரசியல் நையாண்டி நிகழ்ச்சியை 2021-ல் பிபிசி நிறுத்தியது. வேறொரு சேனல் எடுத்து நடத்தியது, அதுவும் நீடிக்கவில்லை. ஆனால் ‘பியூகிள்’ மேஜையில் அவருக்கு இடம் போகவில்லை. அவரை அங்கிருந்து எழுப்ப ஒரு மேலதிகாரியும் இல்லை.

இதற்காக பிபிசி-யைத் தூற்ற நான் தயாராக இல்லை. அதுவும் மக்கள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தில்தான் நடக்கிறது. 1977 முதல் ரேடியோ 4-ல் வரும் ‘நியூஸ் குவிஸ்’ நிகழ்ச்சியை 2020 முதல் நடத்துபவரே நம் ஸால்ட்ஸ்மன்தான். அங்கேயும் நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் இரண்டையும் தொடர்ந்து கேட்கிற காதுக்கு வித்தியாசம் தெரியும். அங்கே இடது ஒரு அடி என்றால் வலது ஒரு அடி என்று அளந்து வைக்க வேண்டியிருக்கிறது. இங்கே அடி வாங்க வேண்டியவர் யாரோ அவர் வாங்குகிறார். ஒரே ஸ்கோரர், இரண்டு மைதானம்.

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. மகள்தான் கேட்டாள். நான் சந்தா கட்ட அவளுடைய கார்டைக் கேட்டபோது, “சும்மாவே கேக்கலாமேப்பா, எதுக்குக் காசு கட்டறீங்க?” என்றாள். விளக்கினேன். உடனே அடுத்ததைப் போட்டாள்: “அப்போ காசு குடுக்கற ஆளுங்களுக்குப் பிடிச்ச மாதிரி மட்டும்தானே பேசுவாங்க? முதலாளிக்குப் பதிலா நீங்க. அவ்வளவுதானே?”

நல்ல கேள்வி. சந்தாதாரர்களும் ஒரு முதலாளிதான். தங்களுக்குப் பிடித்த கட்சியைத் தொடக்கூடாது, பிடித்த நடிகரைச் சொல்லக்கூடாது என்று மிரட்டுகிற சந்தாதாரர்கள் உண்டு. கூட்டத்தின் கைதட்டலுக்குப் பழகி, அதற்குத் தீனி போட்டே கெட்டுப்போன கலைஞர்களும் உண்டு. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே ஒருவர் படியளந்தால், அவர் கோபித்துக்கொண்ட அன்றைக்கு அடுப்பு அணைந்துவிடும். பல்லாயிரம் பேர் ஆளுக்கு ஒரு பிடி அளந்தால், கோபித்துக்கொண்டு போகிறவர்களின் பிடி மட்டும்தான் குறையும். மிச்சத்தில் சோறு வெந்துவிடும். என் கிளப்பில் படியை அந்தச் செயலாளர் ஒருவர் மட்டும் கொடுக்காமல், ஆடிய இருபத்திரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருந்தால், அந்த நாலு ரன் விஷயத்தில் எனக்கு வேலை போயிருக்காது. பந்து வீசிய பையனே எனக்குப் படி கொடுப்பவர்களில் ஒருவனாக இருந்திருப்பான்.

மகள் அதற்குப் பதில் சொல்லவில்லை. கார்டைக் கொடுத்தாள்.

நம் ஊரிலும் இப்போது பிள்ளைகள் தமிழில் நன்றாகப் பேசுகிறார்கள். மூன்று பேர் நான்கு பேர் மைக் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை, சினிமா, அரசியல், சொந்தக் குடும்பக் கூத்து எல்லாம் பேசுகிறார்கள். சிலரிடம் காது கொடுத்தால் எடுக்க மனம் வராது. இரண்டாவது நிமிஷமே ஒரு வீட்டுமனை விளம்பரம் வருகிறது, அதன்பின் ஒரு நகைக்கடன் விளம்பரம். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அறை வாடகை, மைக், எடிட்டர் சம்பளம் எல்லாம் யார் கொடுப்பது? நாம் கொடுக்கவில்லை. நாம் கேட்கிறோம், நண்பர்களுக்கு அனுப்புகிறோம், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். வீட்டுமனைக்காரர் கொடுக்கிறார். நாளைக்கு ஏரியில் மனை போட்டு விற்ற கதையை அந்தப் பிள்ளைகள் எப்படிப் பேசுவார்கள்? பேச ஆசை இருந்தாலும் எப்படி முடியும்?

சபா நாடகக் காலத்தில் நாம் டிக்கெட் வாங்கித்தான் சிரித்தோம். என் அப்பா, மாதச் சம்பளத்தில் மளிகைக்கும் பாலுக்கும் எடுத்து வைத்த பிறகு, நாடக டிக்கெட்டுக்கென்று தனியாக ஒரு கவரில் பணம் வைத்திருப்பார். அம்மா அதைத் தொட மாட்டார். இலவசம் என்ற வார்த்தை வந்த பிறகு அந்தக் கவர் நம் வீடுகளிலிருந்து காணாமல் போய்விட்டது.

அதை மறுபடி எடுத்து வைக்கலாம். நீங்கள் வாராவாரம் கேட்கிற குரல் ஒன்று இருக்கும். ஆங்கிலமோ தமிழோ, ரயிலில் கேட்பதோ சமையல்கட்டில் கேட்பதோ, உங்களைச் சிரிக்க வைத்து நாட்டு நடப்பையும் சொல்கிற யாரோ ஒருவர். அவர் சந்தா வாங்குகிறாரா என்று பாருங்கள். வாங்கினால் இரண்டு காப்பிக் காசு அனுப்புங்கள். வாங்காவிட்டால், ஏன் வாங்கவில்லை, நாங்கள் தருகிறோம் என்று எழுதிக் கேளுங்கள். ‘பியூகிள்’ எனக்குச் சொல்லும் பொய்களுக்கு இந்த மாதப் பணத்தை நேற்றே கட்டிவிட்டேன்.